சுடுதண்ணீர் டேங்குக்குத் தெர்மோஸ்டாட் பொருத்துவது: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே மூன்று வகை டேங்குகளைப் பற்றிப் பேசுகிறோம்: பாத்ரூமில் சுவரில் மாட்டும் 10, 15, 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர், மொட்டை மாடியில் இருக்கும் சோலார் டேங்கின் பேக்கப் ஹீட்டர், லாட்ஜ், ஹாஸ்டல், கல்யாண மண்டபங்களில் 300 முதல் 1000 லிட்டர் வரை பிடிக்கும், பஃப் (சூடு போகாமல் தடுக்கும் நுரை) இன்சுலேஷன் போட்ட டேங்க். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசருக்கு இதில் சொல்வது பொருந்தாது.

முதலிலேயே ஒன்று. ஸ்விட்சை அணைத்துவிட்டு வேலை செய்வது போதாது. பழைய வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலில் போட்டிருப்பது சகஜம். அணைத்த பிறகும் கீசருக்குள் ஃபேஸ் இருக்கும். எம்.சி.பி.யை (போர்டில் இருக்கும் ட்ரிப் ஸ்விட்சை) இறக்கி, பிளக்கைப் பிடுங்கி, மல்டிமீட்டரில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பார்த்த பிறகே கை வையுங்கள். வயரிங் கை பழகாதவர்கள் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவதுதான் சரி. அவர் செய்வது சரியா என்று பார்க்கவாவது இந்தப் பக்கம் உதவும்.

வேலூர் வெயிலுக்குக் கீசரே அதிகம். இதில் தெர்மோஸ்டாட் வேறயா?

சித்திரை, வைகாசியில் உண்மைதான். கறுப்பு சின்டெக்ஸ் டேங்கில் நிற்கும் தண்ணீர் மத்தியானத்தில் கை வைக்க முடியாத சூட்டில் வரும். ஆனால் மார்கழி, தை விடியற்காலையில் அதே தண்ணீர் 20 டிகிரி பக்கம் இருக்கும். ஒரே கீசர் இந்த இரண்டு நிலைக்கும் வேலை செய்ய வேண்டும். 40 டிகிரியில் உள்ளே வரும் தண்ணீரைக் கால் மணி நேரம் காய்ச்சினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 55க்குக் கொண்டுபோக அரை யூனிட்டுக்குச் சற்று மேல் கரண்ட் போகும். 2 கிலோவாட் காயில் (தண்ணீரைக் காய்ச்சும் ஹீட்டர்) என்றால் ஏறக்குறைய 16 நிமிடம். அதே 16 நிமிடம் கோடையில் ஓடினால் தண்ணீர் 70 டிகிரிக்குப் போய்விடும். மணி பார்த்து அணைக்கிற பழக்கம் இங்கே ஆபத்தாவது இதனால்தான்.

தெர்மோஸ்டாட், கட்-அவுட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் பாதி விபத்து.

தெர்மோஸ்டாட் தினசரி வேலை செய்கிற பாகம். வைத்த சூடு வந்ததும் கரண்டை நிறுத்தும். ஐந்தாறு முதல் பத்து டிகிரி வரை இறங்கியதும் தானே திரும்பக் கொடுக்கும். ஆயிரக்கணக்கான முறை ஆன், ஆஃப் ஆகி அதன் பாயின்ட் (கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் முனை) தேயும், கருகும், சில சமயம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்தவே நிறுத்தாது.

அந்த நாளுக்காக வைத்திருப்பதுதான் கட்-அவுட். தண்ணீர் 90 டிகிரி பக்கம் போனால் ஒரே தடவையாக லைனை வெட்டும். பெரும்பாலும் நடுவில் சின்ன சிவப்புப் பட்டன் இருக்கும். கையால் அழுத்தினால்தான் திரும்ப இணையும். தானாக இணையாமல் இருப்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. கட்-அவுட் விழுந்தது என்றால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது, அல்லது டேங்கில் தண்ணீர் இல்லாமல் காயில் ஓடியிருக்கிறது. காரணம் பார்க்காமல் பட்டனை மட்டும் அமுக்கிவிட்டுப் போகிற மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிடாதீர்கள்.

இதைவிடக் கேடு, அடிக்கடி விழுகிறது என்று கட்-அவுட்டின் இரண்டு வயரையும் முறுக்கி நேராக இணைத்து விடுவது. அப்படிச் செய்த கீசரில் தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டால் மிச்சம் இருப்பது பிரஷர் வால்வு மட்டும்தான். அதுவும் உப்பு அடைத்து இறுகியிருந்தால் டேங்க் வெடிக்கும்.

எத்தனை டிகிரியில் வைப்பது?

வீட்டுக் கீசருக்கு 50 முதல் 55. குளிக்க 40, 42 டிகிரி போதும். மிச்சம் பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ளலாம். 60க்கு மேல் வைத்தால் இந்த ஊர்த் தண்ணீரில் உப்பு வேகமாகப் படியும், பில்லும் ஏறும்.

சுடும் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்கள் தோலில் ஐந்து வினாடி பட்டாலே ஆழமான புண் வரும். 50 டிகிரிக்கு அதே புண்ணுக்குச் சில நிமிடங்கள் ஆகும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இந்த நேரம் இன்னும் குறைவு.

லாட்ஜ் டேங்குக்கு இந்தப் பதில் பொருந்தாது. வெதுவெதுப்பாக, 20 முதல் 45 டிகிரிக்குள் நாள்கணக்கில் நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். பைப்பில் தெறிக்கும் நுண்துளி, ஷவர்த் துளி வழியாக நுரையீரலுக்குப் போகும். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி காந்தி ரோடு, பாபுராவ் தெரு லாட்ஜுகளில் தங்குபவர்கள் பெரும்பாலும் நோயாளிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். அங்கே டேங்கில் 60 டிகிரி வைத்து, அறைக்குப் போகும் லைனில் மிக்சிங் வால்வு போட்டு 43க்கு இறக்கிக் கொடுப்பதுதான் முறை. டேங்கையே 45ல் வைத்துவிட்டு ‘யாருக்கும் சுடாது’ என்று நினைப்பது தப்புக் கணக்கு.

கடையில் நாலு வகை காட்டறாங்க. எதை வாங்கறது?

பழசைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அளவு சொல்லி வாங்கினால் பத்துக்கு ஐந்து தடவை திரும்ப அலைய வேண்டியிருக்கும்.

ராடு வகை: பித்தளைக் குழாய்க்குள் இன்வார் கம்பி. சூடேறும்போது பித்தளை நீளும், இன்வார் ஏறக்குறைய நீளாது. அந்த வித்தியாசம் பாயின்ட்டைத் திறக்கும். 7 இன்ச், 11 இன்ச் நீளங்கள் அதிகம் கிடைக்கும். நீளம் கூடினால் பாக்கெட்டில் (ராடு நுழையும் மூடிய குழாயில்) இடித்து வெளியே நிற்கும். குறைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு சரியாகத் தெரியாது.

கேப்பிலரி வகை: நுனியில் சின்ன பல்பு, மெல்லிய செம்புக் குழாய், மறுமுனையில் திருகுகிற டயல். டேங்கில் ஒரு இடமும் கைக்கு எட்டும் இடம் வேறாகவும் இருந்தால் இதுதான் வசதி. செம்புக் குழாயைக் கூர்மையாக மடித்தால் உள்ளே இருக்கும் திரவம் கசிந்துவிடும். கசிந்த பிறகு சூடே தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இது மோசமான பக்கமாகக் கெடுகிறது. வளைவு விரல் கனத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் வகை: ஒரே சூட்டில் நிலையாக வெட்டும், மாற்ற முடியாது. முதுகுப்புறம் டேங்க் தகட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். டிஜிட்டல் கன்ட்ரோலர் லாட்ஜ் டேங்குக்கு நல்லது. பாத்ரூம் ஈரத்துக்குள் அதைக் கொண்டுபோக வேண்டாம்.

எதுவானாலும் 250 வோல்ட், 16 ஆம்பியர் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். 2 கிலோவாட் காயில் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் 13 ஆம்பியர். 10 ஆம்பியர் போட்ட மலிவு ரகம் 3 கிலோவாட்டில் ஒரு சீசன் தாங்காது.

15 லிட்டர் கீசரில் தெர்மோஸ்டாட் மாற்றுவது எப்படி? தண்ணியை வடிக்கணுமா?

ராடு வகைக்கு வடிக்க வேண்டாம். ராடு தண்ணீருக்குள் நேராக இருப்பதில்லை; ஃபிளாஞ்சோடு (காயிலைத் தாங்கி டேங்கை மூடும் தட்டோடு) சேர்ந்த மூடிய குழாயில், அதாவது பாக்கெட்டில் இருக்கிறது. இழுத்தால் காய்ந்துதான் வரும். ஈரமாக வந்தாலோ, பின்னால் தண்ணீர் சொட்டினாலோ பாக்கெட் அரித்து ஓட்டை விழுந்திருக்கிறது. அப்போது புதுத் தெர்மோஸ்டாட் போட்டுப் பயனில்லை. காயிலோடு ஃபிளாஞ்சையே மாற்ற வேண்டும், அதற்கு வடித்தே ஆக வேண்டும்.

வேண்டிய சாமான்: ஸ்டார், ஃபிளாட் ஸ்க்ரூடிரைவர், மூக்கு பிளையர், மல்டிமீட்டர், உப்புத்தாள், வெப்பம் தாங்கும் ஸ்லீவ் கொஞ்சம், கருகியிருந்தால் மாற்ற 6.3 மி.மீ. லக் (வயர் நுனியில் இருக்கும், தள்ளி மாட்டும் உலோக முனை) நான்கைந்து.

தண்ணீர் ஆறட்டும். மின்சாரத்தை மேலே சொன்னபடி துண்டித்துச் சரிபாருங்கள். செங்குத்தாக மாட்டும் கீசர் என்றால் அடிமூடி, கிடைமட்டம் என்றால் பக்கமூடி. ஸ்க்ரூ கழற்றும்போது மூடியை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே இண்டிகேட்டர் விளக்கின் வயர் அதோடு சேர்ந்து வரும். எதையும் பிடுங்குவதற்கு முன் மொபைலில் இரண்டு கோணத்தில் படம் எடுத்துவிடுங்கள். நிறம் பார்த்து ஞாபகம் வைக்க முடியாது. பல கம்பெனிகள் உள் வயர் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் போடுகின்றன.

லக்கை வயரைப் பிடித்து இழுக்காமல் பிளையரால் லக்கையே பிடித்து எடுங்கள். ராடை மெதுவாகச் சுழற்றி இழுங்கள். வராவிட்டால் முறுக்காதீர்கள், பாக்கெட்டின் வாயில் பச்சையாகப் பூத்துப் பிடித்திருக்கும், துரு எடுக்கும் ஸ்பிரே ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் வரும். முறுக்கினால் பாக்கெட் கிழியும்.

புதியதைப் போடுவதற்கு முன் பாக்கெட்டுக்குள் காய்ந்த துணி சுற்றிய கம்பியை விட்டுத் துடையுங்கள். ராடு முழுதாக உள்ளே போய், தலை ஃபிளாஞ்சில் உட்கார வேண்டும். பின்பு வயர். ஃபேஸ் முதலில் கட்-அவுட்டுக்கு, அங்கிருந்து தெர்மோஸ்டாட்டுக்கு, அங்கிருந்து காயிலின் ஒரு முனைக்கு. நியூட்ரல் காயிலின் மறுமுனைக்கு. இரண்டு லைனையும் வெட்டும் கட்-அவுட்டாக இருந்தால் நியூட்ரலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். எர்த் வயர் டேங்க் உடம்பில் நட்டு, ஸ்டார் வாஷரோடு இறுக வேண்டும். பெயின்ட் இருந்தால் சுரண்டி விடுங்கள்.

லக் தளர்வாக உட்கார்ந்தால் விடாதீர்கள். புதுத் தெர்மோஸ்டாட் ஆறு மாதத்தில் கருகியதாக வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்த லக்தான், தெர்மோஸ்டாட் அல்ல. 9 ஆம்பியர் ஓடும் இடத்தில் தொடுப்பு லூசாக இருந்தால் அந்தப் புள்ளி மட்டும் பழுக்கும், பிளாஸ்டிக் உருகும், லக் மாட்டும் தகடு கறுக்கும். மூக்கு பிளையரால் லக்கை லேசாக நெரித்து, தள்ளி மாட்டினால்தான் போகிற அளவுக்கு இறுக்கிக்கொள்ளுங்கள். உள்ளே சாதாரண பி.வி.சி. வயர் போடக்கூடாது, அது 70 டிகிரிக்கு மேல் தாங்காது. சிலிக்கான் அல்லது கண்ணாடி இழை ஸ்லீவ் போட்ட வயர்தான்.

மூடியைப் போட்டபின், கரண்ட் கொடுப்பதற்கு முன், சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து காற்று சத்தம் நின்று தண்ணீர் சீராக வருகிறதா பாருங்கள். டேங்க் நிரம்பாமல் ஆன் செய்தால் காயில் சில நிமிடத்தில் போய்விடும். பிறகு ஆன் செய்து கையில் கடிகாரத்தோடு இருங்கள்: 15 லிட்டருக்கு 16 முதல் 25 நிமிடத்துக்குள் விளக்கு அணைய வேண்டும். குழாயில் சமையல் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 60ஐத் தாண்டினால் டயலைக் குறைத்து இன்னொரு சுற்றுப் பாருங்கள். டயலில் எழுதியிருக்கும் எண்ணும் தண்ணீரும் ஐந்து டிகிரி வரை மாறுபடுவது வழக்கம்.

பழைய தெர்மோஸ்டாட் உண்மையிலேயே போச்சா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஆறிய நிலையில் இரண்டு முனையையும் தொடுங்கள். ஓமே இல்லாமல், அதாவது 0 பக்கம், காட்ட வேண்டும். திறந்தே இருந்தால் போச்சு. இணைந்திருந்தால் அடுத்து: டயலைக் கீழே வைத்து, ராடு பகுதியை மட்டும் ஒரு பெரிய டம்ளர் கொதித்த தண்ணீரில் விடுங்கள், முனைகள் நனையக்கூடாது. ஒரு நிமிடத்துக்குள் ‘டிக்’ சத்தம் கேட்டு மீட்டர் திறந்ததாகக் காட்ட வேண்டும். சத்தம் கேட்டும் மீட்டர் மாறவில்லை என்றால் பாயின்ட் ஒட்டிக்கொண்டது, குப்பையில் போடுங்கள். திறந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவது ரிப்பேர் ஆகாது.

கூடவே காயிலையும் அளந்துவிடுங்கள்: 2 கிலோவாட்டுக்கு 26 ஓம்ஸ் பக்கம், 3 கிலோவாட்டுக்கு 17, 18.

தெர்மோஸ்டாட் புதுசு போட்டும் தண்ணி சீக்கிரம் கட் ஆகுது, ஒரு பக்கெட் கூட முழுசா வரல.

உப்பு. போர்த் தண்ணீர் காய்ச்சும் அண்டாவின் அடியில் பார்க்கும் அதே வெள்ளைப் பாறை காயிலில் படிகிறது. காயிலுக்கும் பாக்கெட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். அந்த இடைவெளி உப்பால் நிரம்பினால் காயிலின் சூடு தண்ணீரைத் தொடாமல் நேராகப் பாக்கெட்டுக்குப் போகிறது. தெர்மோஸ்டாட் பாவம், தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதற்குக் கிடைக்கும் செய்திதான் பொய்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். பாக்கெட்டின் மேல் மட்டும் கனமாகப் படிந்து, காயில் ஓரளவு சுத்தமாக இருந்தால் சூடு தாமதமாகத் தெரியும். தண்ணீர் கொதி நிலைக்குப் பக்கம் போய் கட்-அவுட் விழும். டயலைத் திருப்பித் திருப்பிச் சரி செய்ய முயன்றால் இரண்டு பக்கமும் தோல்விதான்.

பாலாற்றுப் படுகையைத் தாண்டிப் போர் போட்ட இடங்களில், குறிப்பாகப் பாறைக்குள் ஆழமாக இறக்கிய போர்களில், கடினத்தன்மை அதிகம். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது. 600 தண்ணீர் குடிக்க அனுமதிக்கப்பட்டது என்பதால் கீசருக்கும் ஆகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு விஷயம்: பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் கடினத்தன்மையைக் காட்டாது, கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். ஹார்ட்னஸ் டெஸ்ட் கிட் தனி. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில், கீசருக்குப் போகும் டேங்கில் அந்தத் தண்ணீரையும் போரையும் கலக்காமல் வைத்தாலே காயில் ஆயுள் கூடும்.

உப்பை எடுக்க பிளம்பர் ஆசிட் ஊத்தறாரு. சரியா?

கழிப்பறை ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்பைச் சீக்கிரம் கரைக்கும், உண்மை. கூடவே அதிலிருக்கும் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கில் ஊசிமுனை ஓட்டைகளை ஆரம்பித்து வைக்கும்; செம்புக் காயிலையும் தின்னும். சில மாதம் கழித்து ஒழுகும்போது யாரும் ஆசிட்டை நினைப்பதில்லை.

எலுமிச்சை உப்பு போதும். மளிகைக் கடையில் கிடைக்கும் அதே சிட்ரிக் ஆசிட்தான். காயிலைக் கழற்றி, லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் போட்டு, முனைகள் வெளியே இருக்கும்படி இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். நுரை நின்றதும் மரக்குச்சியால் தட்டிவிட்டால் உதிரும். கத்தியால் சுரண்டாதீர்கள். மாட்டும்போது கேஸ்கெட் புதிதாகத்தான் போட வேண்டும். பழையது ஒரு தடவை அமுங்கிய பள்ளத்தில் திரும்ப உட்காராது. ஃபிளாஞ்ச் நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அப்படியே மெக்னீசியம் ஆனோடு ராடையும் (டேங்க் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் கம்பி) பாருங்கள், நடுக்கம்பி தெரியும் அளவு கரைந்திருந்தால் மாற்றுங்கள்.

சோலார் டேங்கில் பேக்கப் ஹீட்டர் இருக்கு. அதுக்கும் தெர்மோஸ்டாட் போட்டா பில் குறையுமா?

போட்டே ஆக வேண்டும். ஆனால் தெர்மோஸ்டாட் மட்டும் போட்டு ஆனிலேயே விட்டால் பில் ஏறும்! காலையில் நாலு பேர் குளித்ததும் டேங்கில் பச்சைத் தண்ணீர் இறங்கும். வெயில் ஏறுவதற்கு முன்பே தெர்மோஸ்டாட் ‘சூடு குறைவு’ என்று காயிலைப் போட்டுவிடும். 100 லிட்டரை 25லிருந்து 60க்குக் கொண்டுபோக 4 யூனிட். மாலைக்குள் சூரியன் இலவசமாகச் செய்திருக்க வேண்டிய வேலை அது. தினமும் இப்படி ஓடினால் இருபத்தைந்து நாளில் 100 யூனிட் கரைந்துவிடும்.

ஆகவே தெர்மோஸ்டாட்டோடு டைமர். விடியற்காலை 4 முதல் 6 வரை மட்டும் கரண்ட், தெர்மோஸ்டாட் 50ல். முந்தைய நாள் வெயில் அடித்திருந்தால் தண்ணீர் 50க்கு மேல்தான் இருக்கும், காயில் ஓடவே ஓடாது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் வந்து மூன்று நாள் மூடிக்கொண்டால்தான் ஓடும். வருடத்தில் மிச்ச மாதங்களுக்கு எம்.சி.பி.யையே இறக்கி வைக்கலாம்.

பொருத்தும்போது: டேங்கின் பக்கத் தட்டில் ஹீட்டருக்கென்று மூடி போட்ட திரெட் இருக்கும், பெரும்பாலும் ஒன்றேகால் இன்ச். அளந்து பார்த்து வாங்குங்கள். இந்த வேலைக்கு டேங்கை வடித்தே ஆக வேண்டும், அதுவும் வெயில் இறங்கிய பிறகு. மத்தியானத்தில் காலி டியூபுக்குப் பச்சைத் தண்ணீர் விட்டால் கண்ணாடி வெடிக்கும். திரெட்டில் டெஃப்லான் டேப் பத்துப் பன்னிரண்டு சுற்று. மேலே மூடிக்குப் பதில் ரப்பர் புஷ்ஷோடு மழை புகாத பெட்டி இருக்க வேண்டும், வயர் கீழிருந்து மேலே ஏறி நுழைய வேண்டும். மேலிருந்து இறங்கினால் மழைத் தண்ணீர் வயரைப் பிடித்தே உள்ளே போகும். காற்றுப் போக்கிக் குழாயை எக்காரணத்தாலும் அடைக்காதீர்கள். 200 லிட்டர் 25லிருந்து 60க்குச் சூடேறினால் ஏறக்குறைய 3 லிட்டர் விரியும், அது போக இடம் வேண்டும்.

லாட்ஜ் டேங்கில் தெர்மோஸ்டாட்டே இல்லை, ஆள் வைத்து ஆன் ஆஃப் பண்றோம். எங்கே பொருத்துவது?

உயரம்தான் எல்லாம். அடியிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, காயிலுக்கு மேலே. காரணம் இது: காயிலுக்குக் கீழே நிற்கும் தண்ணீர் சூடாவதே இல்லை, சென்சரை அங்கே வைத்தால் மேலே கொதித்தாலும் கீழே தெரியாது. மிகவும் மேலே வைத்தால், அறைகளில் தண்ணீர் திறக்கத் திறக்கப் பச்சைத் தண்ணீர் அடியில் தேங்கி ஏறும், பாதி டேங்க் ஆறிய பிறகே சென்சருக்குச் செய்தி போகும். ஐந்தாவது ரூமுக்கு வெதுவெதுப்பாக வரும் லாட்ஜுகளில் பெரும்பாலும் கோளாறு இதுதான்.

டேங்கில் அரை இன்ச் பாக்கெட் வெல்டு செய்திருந்தால் கேப்பிலரி பல்பை அதில் விட்டு, ஹீட் பேஸ்ட் நிரப்புங்கள். அதைவிடச் சிறந்த வழி இல்லை. பாக்கெட் இல்லை என்றால் டேங்க் உடம்பில் ஒட்டும் ஸ்ட்ராப் தெர்மோஸ்டாட்.

ஸ்ட்ராப் வகைக்கு, வெளித்தகட்டில் தெர்மோஸ்டாட்டைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு செ.மீ. பெரிதாகக் கோடு போட்டுத் தகட்டை மட்டும் வெட்டுங்கள். கிரைண்டரை ஆழமாக விட்டால் உள் டேங்கைத் தொடும். ஸ்டாப்பர் போட்ட பிளேடு, அல்லது டின் வெட்டும் கத்திரி. பஃப் பெரும்பாலும் 50 மி.மீ. இருக்கும், அதைக் கத்தியால் செதுக்கி உலோகம் பளிச்சென்று தெரியும் வரை எடுங்கள். மெல்லிய நுரைப் படலம் ஒட்டியிருந்தாலும் சென்சர் பத்து டிகிரி ஏமாறும். துடைத்து, பேஸ்ட் தடவி, முதுகு முழுதும் உலோகத்தில் படியும்படி ஸ்ட்ராப்பை இறுக்குங்கள். விரலால் அசைத்தால் அசையக்கூடாது. சுற்றியுள்ள இடைவெளியில் பஃப் துண்டை அடைத்துவிடலாம். டயலும் டெர்மினலும் மூடிப்போகாமல் கைக்கு எட்ட வேண்டும்.

மேற்பரப்பு எப்போதும் உள்ளே இருக்கும் தண்ணீரைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செம்பைவிட மிக மெதுவாகச் சூட்டைக் கடத்தும் உலோகம் என்பதால் இங்கே வித்தியாசம் கூடவே தெரியும். டயலில் 60 வைத்துவிட்டு நம்பாதீர்கள், மேல் அவுட்லெட்டில் தெர்மாமீட்டர் வைத்து, நிஜமாக 60 வரும் இடத்தை டயலில் மார்க்கரால் குறித்து வையுங்கள்.

அந்த டேங்கில் 6 கிலோவாட், மூணு ஃபேஸ். தெர்மோஸ்டாட்டை எப்படி இணைப்பது?

காயில் லைனைத் தெர்மோஸ்டாட் வழியாக விடக்கூடாது. ஸ்டார் இணைப்பில் ஃபேஸுக்கு 8.7 ஆம்பியர்; 25 ஆம்பியர் கான்டாக்டர் (சுருளில் கரண்ட் வந்தால் பெரிய லைனை இணைக்கும் ஸ்விட்ச்) ஒன்று போட்டு, அதன் 230 வோல்ட் சுருளை மட்டும் தெர்மோஸ்டாட் ஆன் ஆஃப் செய்யட்டும். முன்னால் 16 ஆம்பியர் மூன்று போல் எம்.சி.பி., நான்கு போல் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் ஸ்விட்ச்).

இங்கே பலர் விடும் ஓட்டை ஒன்று உண்டு. கட்-அவுட்டையும் அதே கான்டாக்டரின் சுருளோடு தொடரில் போட்டுவிட்டுப் பத்திரம் என்று நினைக்கிறார்கள். கான்டாக்டரின் பாயின்ட்டே ஒட்டிக்கொண்டால் தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் சேர்ந்து சுருளை அணைத்தாலும் காயில் ஓடிக்கொண்டே இருக்கும். கட்-அவுட்டுக்கு இரண்டாவது கான்டாக்டர் தனியாகப் போடுங்கள், அல்லது எம்.சி.பி.யைத் தட்டிவிடும் ஷன்ட் டிரிப். செலவு ஓரிரண்டாயிரத்துக்குள் முடியும் விஷயம். நாற்பது பேர் தூங்கும் கட்டடத்தின் மாடியில் இருக்கிற டேங்க் அது.

பிரஷர் வால்விலிருந்து சொட்டுது. தெர்மோஸ்டாட் கோளாறா?

சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டினால் கோளாறு இல்லை. 15 லிட்டர் சூடானால் ஒரு டம்ளர் அளவு விரியும். இன்லெட்டில் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் அது போக வேறு வழி இல்லை. வால்வு வாயில் குழாய் மாட்டித் தரைக்கு விடுங்கள், மூடி போட்டு அடைக்காதீர்கள். கொதித்த நீராவியோடு பீய்ச்சினால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டுத் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். ஆறிய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் வால்வில் உப்புத் துணுக்கு மாட்டியிருக்கும். மாதம் ஒரு முறை லீவரைத் தூக்கி விடுவது அதற்குத்தான்.

குழாயைத் தொட்டால் சுர்ருன்னு இழுக்குது. ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுது.

தெர்மோஸ்டாட் காரணமாக இருப்பது அபூர்வம். காயிலின் உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். எலக்ட்ரீசியனிடம் 500 வோல்ட் மெகர் (கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் மீட்டர்) இருந்தால் காயில் முனைக்கும் உடம்புக்கும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் காயில் மாற்ற வேண்டியதுதான். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இதுவே உயிரெடுக்கும். விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேர் லைன் கொடுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வோல்டேஜ் குறைந்தால் தெர்மோஸ்டாட் பாதிக்குமா?

பாதிக்காது, நேரம்தான் கூடும். 180 வோல்ட்டில் 2000 வாட் காயில் 1225 வாட்தான் கொடுக்கும். கால் மணியில் முடிந்த வேலை அரை மணியை நெருங்கும். ஆனால் லாட்ஜ் கான்டாக்டர் அப்படி அல்ல. குறைந்த வோல்டேஜில் சுருள் சரியாகப் பிடிக்காமல் படபடவென்று அடித்துக்கொள்ளும், பாயின்ட் ஒட்டுவது பெரும்பாலும் அந்தப் படபடப்பில்தான். லோ வோல்டேஜ் கட் ரிலே ஒன்று முன்னால் போட்டால் அந்தச் சிக்கல் இருக்காது.

கீசரை நாள் முழுக்க ஆனில் விட்டால் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும் அல்லவா?

பார்த்துக்கொள்ளும். ஆனால் யாரும் குளிக்காத நேரத்திலும், ஆறிய சூட்டை ஈடு செய்யப் பல தடவை ஆன் ஆகும். கரண்டும் போகும், பாயின்ட்டும் தேயும். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் போட்டு, குளிக்கப் போகும்போது அணையுங்கள். ஊருக்குப் போகும்போது எம்.சி.பி.யை இறக்கி விடுங்கள். திரும்பி வந்ததும் முதலில் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுங்கள். மாடி டேங்க் காலியாகி, கீசரும் காலியாக இருக்கும்போது ஆன் செய்து காயிலைக் கருக்குவது பெரும்பாலும் லீவு முடிந்து வந்த அன்றுதான் நடக்கிறது.